வீடு திரும்பிய சிப்பாய்கள் வெட்டிய கடலோரச் சாலை

நினைவுச் சின்னம் என்றதும் நம் கண்முன் என்ன தோன்றும்? ஒரு கல்தூண், அதில் பொறித்த பெயர்கள், ஆண்டுக்கு ஒரு முறை வைக்கப்படும் மலர்வளையம். ஆனால், 243 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அதன் மேல் லாரியும் பேருந்தும் ஓடுகின்றன. மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கணவன் ஓட்டிச் செல்லும் கேம்பர்வேனும் ஓடுகிறது. அதன் பெயர் கிரேட் ஓஷன் ரோடு. தமிழில் சொன்னால் பெருங்கடல் சாலை.

ஆஸ்திரேலியாவின் தென்கோடியில், விக்டோரியா மாநிலத்தில், டோர்க்கே என்ற கடற்கரை ஊரில் தொடங்கி அலன்ஸ்ஃபோர்டு என்ற சிற்றூரில் முடிகிறது இந்தச் சாலை. ஒரு பக்கம் செங்குத்தான மலைச்சரிவு. மறு பக்கம் பாறையில் மோதிச் சிதறும் தென்கடல். நடுவில் வளைந்து வளைந்து போகும் தார்ச்சாலை. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதையை நினைத்துக் கொள்ளுங்கள். அதன் ஓரத்தில் காட்டுக்குப் பதிலாகக் கடல் இருந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கும்.

மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் செல்லும் தம்பதிகளுக்கு இந்தப் பயணத்தில் பல வசதிகள் உண்டு. அங்கும் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். டோர்க்கேயிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டால் கடல் முழுக்க இடப்பக்கமே வரும். ஆகவே ஓட்டுகிறவரின் கண் சாலையில் இருந்தாலும், பக்கத்தில் இருப்பவர் கடலை அருகிலேயே பார்த்துக்கொண்டு வரலாம். படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வேனுக்குள்ளேயே இருப்பதால் ஹோட்டல் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால், நினைத்த இடத்தில் சாலையோரமாக நிறுத்தித் தூங்கிவிட முடியாது. அதற்கென்று முகாம் திடல்களும் கேரவன் பூங்காக்களும் இருக்கின்றன. பின்னால் வரும் கார்களுக்கு ஒதுங்கி வழிவிடும் இடங்களும் வழிநெடுக உண்டு.

இவ்வளவையும் விசாரித்துக்கொண்டு புறப்படுகிறவர்கள், ஒன்றை மட்டும் பெரும்பாலும் விசாரிப்பதில்லை. இந்தச் சாலையை யார் போட்டார்கள்? எதற்காகப் போட்டார்கள்?

போருக்குப் பின் எழுந்த கேள்வி

முதல் உலகப் போர் 1914இல் தொடங்கியபோது ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகை ஐம்பது லட்சத்துக்கும் குறைவு. அதிலிருந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் படையில் சேர்ந்தார்கள். கட்டாய இராணுவச் சேவை வேண்டுமா என்று 1916இலும் 1917இலும் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. இரண்டு முறையும் வேண்டாம் என்றே மக்கள் தீர்ப்பளித்தார்கள். ஆகவே கடல் தாண்டிப் போரிடச் சென்ற அந்தப் படை தாமாக முன்வந்து சேர்ந்தவர்களின் படை. அவர்களில் 60,000க்கும் அதிகமானோர் திரும்பி வரவில்லை. கலிப்போலியிலும் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் மண்ணோடு மண்ணாகிப் போனார்கள்.

திரும்பி வந்தவர்களின் நிலை என்ன? உடலில் காயம் பட்டவர்கள் பலர். வெளியே தெரியாத காயத்தோடு வந்தவர்களும் பலர். பதுங்குகுழியில் இரவும் பகலும் பீரங்கிச் சத்தம் கேட்டவனுக்கு, ஊருக்கு வந்ததும் உடனே தூக்கம் வந்துவிடுமா? செய்துகொண்டிருந்த வேலை அப்படியே காத்திருக்குமா? போருக்கு அனுப்பும்போது மாலை போட்ட நாடு, திரும்பி வந்தவனுக்கு என்ன கொடுக்கப் போகிறது? இதுதான் அன்று விக்டோரியா மாநிலத்தின் முன் நின்ற கேள்வி.

அந்தக் கேள்விக்கு ஒரு விடை சொன்னவர் வில்லியம் கால்டர். மாநிலச் சாலை வாரியத்தின் தலைவராக இருந்தவர். மேற்குப் பகுதியில் மக்கள் குறைவாக வாழும் இடங்களில் சாலை போடும் வேலையைத் திரும்பி வரும் சிப்பாய்களுக்குக் கொடுக்கலாம், அதற்குப் பணம் ஒதுக்குங்கள் என்று போர்க்காலக் குழுவிடம் கேட்டார்.

அந்த எண்ணத்தைத் தூக்கிச் சுமந்தவர் இன்னொருவர். ஜீலோங் நகரின் மேயரும் வணிகருமான ஹோவர்ட் ஹிட்ச்காக். அவர் தலைமையில் 1918இல் கிரேட் ஓஷன் ரோடு அறக்கட்டளை உருவானது. பொதுமக்களிடம் நன்கொடை திரட்டுவது, கடன் வாங்குவது, சாலை போட்டபின் கட்டணம் வசூலித்துக் கடனை அடைப்பது, பிறகு சாலையை அரசாங்கத்திடமே ஒப்படைத்துவிடுவது. இதுதான் திட்டம். ஹிட்ச்காக் தம் சொந்தப் பணத்திலிருந்து 3,000 பவுன் போட்டார். அன்றைய நாளில் அது சிறு தொகை அல்ல.

ஹிட்ச்காக் இந்தச் சாலையை வேலைவாய்ப்புத் திட்டமாக மட்டும் பார்க்கவில்லை. போரில் இறந்தவர்களுக்கு இதுவே நினைவுச் சின்னமாக இருக்கட்டும் என்றார். உயிரோடு வந்தவனுக்குக் கூலி, உயிரை விட்டவனுக்கு நினைவு. ஒரே சாலையில் இரண்டும்.

மண்வெட்டியும் கடப்பாரையும்

அதற்கு முன் இந்தக் கரையோர ஊர்கள் ஏறக்குறைய தீவுகளைப் போலத்தான் இருந்தன. லோர்ன், அப்பல்லோ பே போன்ற ஊர்களுக்குக் கடல்வழியாகப் போக வேண்டும். இல்லாவிட்டால் உள்நாட்டுப் பக்கமிருந்து காட்டுத்தடம் வழியாக வர வேண்டும். சாலைக்கு அளவெடுக்கச் சென்ற நில அளவைக் குழுவினர் அடர்ந்த காட்டில் மாதத்துக்கு 3 கிலோமீட்டர் அளவே முன்னேற முடிந்தது என்றால் இடத்தின் கடுமையைப் புரிந்துகொள்ளலாம்.

1919 செப்டம்பர் 19ஆம் தேதி கட்டுமானம் தொடங்கியது. ஏறக்குறைய 3,000 முன்னாள் சிப்பாய்கள் இந்த வேலையில் ஈடுபட்டார்கள். இன்றைய புல்டோசரும் எக்ஸ்கவேட்டரும் அன்று ஏது? மண்வெட்டி, கடப்பாரை, தள்ளுவண்டி, குதிரைவண்டி, பாறையைப் பிளக்க வெடிமருந்து. இவ்வளவுதான். கீழே கடல் கொந்தளிக்க, மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு மலைச்சரிவை வெட்டினார்கள். எந்த வெடிச்சத்தத்திலிருந்து தப்பித்து வந்தார்களோ, அதே வெடிச்சத்தத்தோடுதான் மறுபடியும் வாழ வேண்டியிருந்தது. மேடுபள்ளமான பாதையில் லாரி குலுங்கும்போது வெடிக்காமல் இருப்பதற்காக, வெடிதூண்டிகளைத் தம் மடியில் வைத்துக்கொண்டு சென்றார்கள் என்று இன்றும் அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். வேலையின்போது பாறை சரிந்தும் விபத்து நேர்ந்தும் சிலர் உயிரிழந்தார்கள். போரில் தப்பியவர்கள் சாலையில் மாண்டார்கள்.

நாளுக்கு 8 மணி நேர வேலை. சனிக்கிழமை அரை நாள். ஒரு நாள் கூலி 10 ஷில்லிங் 6 பென்ஸ். தங்குவதற்குக் கூடாரம். சாப்பிடுவதற்குப் பொதுவான ஒரு பெரிய கூடாரமும் சமையற்கட்டும். சாப்பாட்டுக்கு வாரம் 10 ஷில்லிங் வரை பிடித்துக் கொள்வார்கள். மாலையில் பொழுது போக்க ஒரு பியானோ, கிராமஃபோன், விளையாட்டுகள், நாளிதழ்கள். ஒரே அனுபவத்தைக் கடந்து வந்தவர்கள் ஒரே கூடாரத்தில் இருந்தார்கள். யாரும் யாருக்கும் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் ஒரு மருந்துதான்.

சிரிப்பதற்கும் ஒரு சம்பவம் உண்டு. 1924இல் கேசினோ என்ற நீராவிக் கப்பல், கேப் பேட்டன் என்ற முனைக்கு அருகில் பாறைத்திட்டில் மோதிச் சிக்கிக்கொண்டது. பாரத்தைக் குறைப்பதற்காக 500 பீப்பாய் பீரையும் 120 பெட்டி மதுவையும் கடலில் தள்ளினார்கள். அலை சும்மா இருக்குமா? அத்தனையையும் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. கரையில் இருந்தவர்களோ நம் சாலைத் தொழிலாளர்கள். அடுத்த இரண்டு வாரத்துக்கு வேலையே நடக்கவில்லை என்பது அந்தக் கரையோரம் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை.

கடனை அடைத்ததும் கட்டணம் போனது

ஈஸ்டர்ன் வியூவிலிருந்து லோர்ன் வரையிலான பகுதி 1922 மார்ச் 18ஆம் தேதி கோலாகலமாகத் திறக்கப்பட்டது. ஆனால் மே மாதமே மேற்கொண்டு வேலை செய்வதற்காக மூடப்பட்டு, டிசம்பர் 21ஆம் தேதி மீண்டும் திறக்கப்பட்டது. அன்றிலிருந்து காருக்கும் குதிரைவண்டிக்கும் தனித்தனியாகக் கட்டணம் வசூலித்தார்கள். தொடக்கத்தில் சாலை மிகக் குறுகலாக இருந்தது. பல இடங்களில் ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே போக முடியும். எதிரே இன்னொரு வண்டி வந்துவிட்டால் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். ஓட்டுகிறவர் பாடு திண்டாட்டம்தான்.

லோர்னிலிருந்து அப்பல்லோ பே வரையிலான கடினமான பகுதி முடிய மேலும் பத்தாண்டுகள் பிடித்தன. 1932 நவம்பர் 26ஆம் தேதி சாலை அதிகாரப்பூர்வமாகத் திறந்து வைக்கப்பட்டது. ஆனால், அந்த நாளுக்காகக் காத்திருந்த ஹிட்ச்காக் அதைப் பார்க்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் தேதி அவர் இதய நோயால் காலமாகிவிட்டார். திறப்பு விழா ஊர்வலத்தில் ஆளுநரின் காருக்குப் பின்னால் ஹிட்ச்காக்கின் கார் ஓட்டிச் செல்லப்பட்டது. உரிமையாளர் இல்லாத கார். பேச்சாளர்கள் எவ்வளவு புகழ்ந்திருந்தாலும், அந்தக் காரைப் போல அது பேசியிருக்காது. லோர்னுக்கு அருகே மவுண்ட் டிஃபையன்ஸ் என்ற இடத்தில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது.

அதே 1932இல் இன்னொன்றும் நடந்தது. முன்பு பீரைக் கரைக்கு அனுப்பிய கேசினோ கப்பல், ஜூலை மாதத்தில் அப்பல்லோ பேயில் மூழ்கியது. கேப்டன் உட்பட 10 பேர் இறந்தார்கள். ஐம்பது ஆண்டுகளாக அந்தக் கரையோர ஊர்களுக்குச் சரக்கும் ஆட்களும் ஏற்றிச் சென்ற கப்பல் அது. கப்பல் போன ஆண்டிலேயே சாலை வந்தது.

சாலைக் கட்டணம் என்றால், ஒரு முறை வைத்துவிட்டால் எடுக்கவே மாட்டார்கள் என்று முணுமுணுத்துப் பழகியவர்கள் நாம். இங்கே எடுத்தார்கள். 1936 அக்டோபர் 2ஆம் தேதி, கதீட்ரல் ராக் என்ற இடத்தில் நடந்த நிகழ்ச்சியில் சாலை மாநில அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கட்டணமும் நீக்கப்பட்டது. சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது.

கப்பல்களின் கல்லறை

இனி மேற்கு நோக்கிப் போவோம். அப்பல்லோ பேயைத் தாண்டியதும் சாலை கடலை விட்டு விலகி ஓட்வே மலைக்காட்டுக்குள் நுழைகிறது. வானளாவிய மரங்களும் பெரணிச் செடிகளும் நிறைந்த ஈரக்காடு. அங்கிருந்து பிரியும் ஒரு கிளைப்பாதை கேப் ஓட்வே கலங்கரை விளக்கத்துக்குச் செல்கிறது. 1848இல் விளக்கேற்றப்பட்ட இது, ஆஸ்திரேலியப் பெருநிலப்பரப்பில் எஞ்சியிருக்கும் கலங்கரை விளக்கங்களிலேயே மிகப் பழமையானது. அதை எழுப்பவேண்டிய அவசரத்தை உண்டாக்கியது ஒரு பெரும் விபத்து. 1845இல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளை ஏற்றி வந்த கட்டராக்வி கப்பல், எதிரேயுள்ள கிங் தீவில் மோதி உடைந்தது. ஏறக்குறைய 400 பேர் மாண்டார்கள். பிழைத்தவர்கள் 9 பேர்.

விளக்கு வந்தபின்னும் விபத்து நிற்கவில்லை. 1878 ஜூன் 1ஆம் தேதி விடியற்காலை, மூடுபனியில் திசை தெரியாமல் லாக் ஆர்ட் என்ற பாய்மரக் கப்பல் மட்டன்பேர்ட் தீவில் மோதியது. கப்பலில் இருந்தவர்கள் 54 பேர். உயிர் பிழைத்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் டாம் பியர்ஸ், கப்பலில் தொழில் பழகிய இளைஞர். இன்னொருவர் ஈவா கார்மைக்கேல், குடும்பத்தோடு குடியேற வந்த இளம்பெண். கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு கரைசேர்ந்த டாம், கடலில் பெண்ணின் அலறல் கேட்டு மறுபடியும் நீந்திச் சென்று அவரை இழுத்து வந்தார். ஒரு குகையில் படுக்க வைத்து, கரை ஒதுங்கிய பிராந்தியைக் கொடுத்து உடலைச் சூடாக்கினார். பிறகு செங்குத்துப் பாறையில் ஏறி உதவி தேடிப் போனார்.

அன்றைய நாளிதழ்களும் மக்களும் இந்த இருவரும் கல்யாணம் செய்துகொள்வார்கள் என்று எதிர்பார்த்தார்கள். சினிமாவாக இருந்தால் அப்படித்தான் முடிந்திருக்கும். ஆனால் பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் ஒரே இரவில் பறிகொடுத்த ஈவா, அயர்லாந்துக்கே திரும்பிப் போய்விட்டார். டாம் மீண்டும் கடலுக்கே போனார். இன்று அந்த இடம் லாக் ஆர்ட் கோர்ஜ் என்று அழைக்கப்படுகிறது. தேனிலவுத் தம்பதிகள் கைகோத்துப் படம் எடுத்துக்கொள்ளும் அந்தச் சிறு மணற்பரப்பு, 52 பேர் மாண்ட இடத்தின் வாசல்.

பன்னிரண்டு என்று பெயர், எட்டுதான் கணக்கு

பெரும்பாலானோர் இந்தப் பயணத்துக்குப் புறப்படுவதே டுவெல்வ் அப்போஸ்தல்ஸ் பாறைகளைப் பார்ப்பதற்குத்தான். பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் என்று பெயர். முதலில் இதற்குப் 'பன்றியும் குட்டிகளும்' என்றுதான் பெயர். சுற்றுலாவுக்கு அந்தப் பெயர் எடுபடுமா? மாற்றிவிட்டார்கள். ஆனால் பன்னிரண்டு தூண்கள் எக்காலத்திலும் இருந்ததில்லை. ஒன்பது இருந்தன. 2005 ஜூலை 3ஆம் தேதி சுமார் 50 மீட்டர் உயரமுள்ள ஒரு தூண் சில நொடிகளில் சரிந்து கற்குவியலானது. இப்போது எட்டு.

அது சுண்ணாம்புக்கல். அலை அரிக்க அரிக்கக் கரையில் குகை உண்டாகும். குகை இருபுறமும் திறந்தால் வளைவாகும். வளைவு இடிந்தால் தூண் தனியே நிற்கும். தூணும் ஒரு நாள் விழும். அருகிலுள்ள லண்டன் பிரிட்ஜ் பாறைக்கு நேர்ந்ததும் இதுதான். 1990 ஜனவரி 15ஆம் தேதி, கரையோடு இணைந்திருந்த அதன் வளைவு திடீரென்று இடிந்து விழுந்தது. அப்போது அதைக் கடந்து அப்பால் போயிருந்த இரண்டு சுற்றுப்பயணிகள் கடல் நடுவே பாறையில் சிக்கிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் வந்து மீட்டது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

சாலைக்கும் இதே நிலைமைதான். 1939இல் ஈஸ்டர்ன் வியூவில் சிப்பாய்கள் நினைவாக ஒரு மர வளைவு எழுப்பினார்கள். பின்னால் வைக்கப்பட்ட வளைவு 1983ஆம் ஆண்டின் பெருங்காட்டுத்தீயில் எரிந்தது. மறுபடியும் கட்டினார்கள். 2015 கிறிஸ்துமஸ் நாளில் வை ரிவர், செபரேஷன் கிரீக் ஊர்களில் 116 வீடுகள் தீக்கிரையாயின. மறு ஆண்டு பெய்த கனமழையில் எரிந்த சரிவுகள் சரிந்து சாலையை மூடின. அதையும் அப்புறப்படுத்தித் திறந்தார்கள். கல்தூணை ஒரு முறை நட்டால் போதும். சாலையை நினைவுச் சின்னமாக வைத்தால், அதை ஒவ்வொரு தலைமுறையும் மறுபடி மறுபடி போட வேண்டியிருக்கிறது.

பெயர் எழுதப்படாதவர்கள்

2011இல் ஆஸ்திரேலியா இந்தச் சாலையைத் தேசிய மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. நினைவு வளைவின் அருகே சாலை வெட்டும் சிப்பாய்களின் சிலையும் இருக்கிறது. இந்த மரியாதை அவர்களுக்கு உரியதுதான். ஆனாலும் சாலை வருவதற்கு முன்பே அந்தக் கரையில் நடந்தவர்கள் உண்டு. ஓட்வே கரை கடுபனுட் என்ற பூர்வகுடி மக்களின் மண். ஐரோப்பியர் வருகைக்குப் பின் அந்தச் சமூகம் சிதறிப்போனது. 1846இல் ஏர் ஆற்றின் பக்கத்தில் நில அளவைக்கு வந்த குழுவினர் அவர்களைக் கொன்றதும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. வளைவில் அவர்களுக்கு இடமில்லை.

இது நமக்குப் புரியாத விஷயமா? மலாயாவில் சாலையும் ரயில் தண்டவாளமும் போட்டவர்களில் பெரும்பங்கு தென்னிந்தியத் தொழிலாளர்கள். பின்னர் ஜப்பானியர் காலத்தில், 1942-43இல், சயாம் மரண ரயில் பாதையில் ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளும் மலாயாத் தோட்டத் தமிழர்களும் ஒரே தடத்தில் மாண்டார்கள். காஞ்சனாபுரியில் அந்தக் கைதிகளின் கல்லறைகள் வரிசையாகப் பராமரிக்கப்படுகின்றன. பெயர் தெரிந்தவர்களுக்குப் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. நம்மவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. எங்கே புதைத்தார்கள் என்றுகூடப் பல குடும்பங்களுக்குத் தெரியாது.

ஒரு சமூகம் தன் உழைப்பாளிகளை நினைவில் வைத்திருக்கிறதா என்பது, அவர்களுக்கு யாரோ வந்து கல் நடுவதைப் பொறுத்ததல்ல. ஹிட்ச்காக் கேட்டார், ஊர் மக்கள் பணம் கொடுத்தார்கள், சிப்பாய்கள் வெட்டினார்கள். அதனால்தான் நூறாண்டு கழித்தும் அந்தச் சாலை அவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. நம் பாட்டன்மார் போட்ட தடங்களைப் பற்றி நம் வீட்டில் யார் பேசுகிறார்கள்? முதியவர்கள் இருக்கும்போதே கேட்டுக் குறித்து வைக்கலாமே! எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எந்தச் சாலை, உடன் வேலை செய்தவர் யார்? ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

பெருங்கடல் சாலைக்குப் போகும் தம்பதிகள் போகட்டும். கடலைப் பார்க்கட்டும், படம் எடுக்கட்டும், வேனிலேயே தேநீர் போட்டுக் குடிக்கட்டும். மலைச்சரிவைத் தொட்டுக்கொண்டு வேன் திரும்பும் ஒவ்வொரு வளைவும், போரிலிருந்து உயிரோடு வந்த ஒருவர், உயிரோடு வராத தன் தோழனுக்காக வெட்டியது. அது தெரிந்து திரும்பினால் போதும்.